நைட்ரஸ் கிட் வாங்கும் முன் இன்ஜெக்டரைப் பாருங்கள்

நைட்ரஸ் கிட் என்பது கூடுதல் பவருக்காக இன்ஜினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைத் தெளிக்கும் அமைப்பு. அதில் வெட் கிட்டா, டிரை கிட்டா என்று யோசிக்கும் முன், முழு த்ராட்டிலில் உங்கள் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் வால்வு) எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில், 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழு சைக்கிளுக்கு, அதாவது கிராங்கின் இரண்டு சுற்றுக்கு, 20 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். அதில் 16 மில்லிசெகண்ட் ஏற்கனவே திறந்திருந்தால், அதாவது 80 சதவீதம், வெட் கிட்டுக்குப் போவதே நல்லது. நன்றாகக் குறைவாக இருந்தால், சிறிய ஷாட்டுக்கு (குறைந்த அளவு நைட்ரஸுக்கு) டிரை கிட்டும் சரியான டியூனிங்கும் போதும்.

டிரை கிட் நைட்ரஸை மட்டுமே தெளிக்கும். கூடுதல் பெட்ரோலை இன்ஜெக்டர்தான் தர வேண்டும். தர முடியாவிட்டால் கலவை லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து) பிஸ்டனே உருகிவிடும். வெட் கிட் பெட்ரோலையும் சேர்த்துத் தெளிக்கும். ஆனால் வளைந்து நெளிந்த இன்டேக் மேனிஃபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாயில்) அந்தப் பெட்ரோல் தேங்கி, அங்கேயே தீப்பற்றி பேக்ஃபயர் ஆகலாம். அதனால் குறைந்த ஆர்பிஎம்மில் தயவுசெய்து நைட்ரஸைத் திறக்காதீர்கள்.

கார்புரேட்டர் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே வெட் கிட்தான்.