பில்லில் காணாமல் போகும் மரம்: வனச் சான்றிதழில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவகாசியில் ஓர் அச்சகம். ஜெர்மனிக்குப் போக வேண்டிய டைரிகள் பெட்டியில் அடுக்கித் தயாராக இருந்தன. பின்னட்டையில் மரமும் டிக் குறியும் சேர்ந்த எஃப்.எஸ்.சி. முத்திரை. காடு நீடித்து நிற்கும்படி மரம் வெட்டுகிறார்களா என்று பார்த்துச் சான்றிதழ் தரும் முறையை நடத்தும் உலக அமைப்பு அது; முழுப் பெயர் ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில். "பேப்பர் எஃப்.எஸ்.சி. பேப்பர்தான் சார், மில்லோட பில்லே இருக்கு" என்று உரிமையாளர் எடுத்து நீட்டினார். பில் சரியான பில். பேப்பரும் அசல். ஆனால் வாங்குகிறவர்கள் கேட்டது அச்சகத்தின் சான்றிதழை. அது அவரிடம் இல்லை. கடைசியில் பின்னட்டைகளைப் பிரித்து, வேறு அச்சடித்து ஒட்டி, இரண்டு வாரம் கழித்துச் சரக்கு கிளம்பியது. லாபம் அந்த இரண்டு வாரத்திலேயே போய்விட்டது.

வனச் சான்றிதழ் என்றதும் நம் ஆட்கள் காட்டைத்தான் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை தவறுகளில் பாதி காட்டில் நடப்பதில்லை, பில் புத்தகத்தில் நடக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மரம் வெட்டிய இடத்திலிருந்து கடைசிப் பொருள் வரை சரக்கு யார் யார் பெயருக்கு மாறுகிறதோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் 'செயின் ஆஃப் கஸ்டடி' சான்றிதழ் இருக்க வேண்டும். சுருக்கமாக சி.ஓ.சி. மில்லிடம் வேண்டும், நடுவில் வாங்கி விற்கும் மொத்த வியாபாரியிடம் வேண்டும், அச்சகத்திடமும் வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனால், அதற்குப் பிறகு அது சாதாரணப் பேப்பர். முத்திரை போட்ட டைரியை வாங்கி அப்படியே பொதுமக்களுக்கு விற்கிற கடைக்காரருக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

சரி, சான்றிதழ் இருக்கிறது, இனிக் கவலை இல்லை என்பது அடுத்த தவறு. மில்லிடம் சான்றிதழ் இருப்பதால் அங்கிருந்து வரும் ஒவ்வொரு ரீமும் சான்றளித்த பேப்பர் ஆகிவிடாது. அந்தக் குறிப்பிட்ட பில்லில் மில்லின் சான்றிதழ் எண்ணும், 'எஃப்.எஸ்.சி. மிக்ஸ்' என்பது போலச் சரக்கின் வகையைச் சொல்லும் வாசகமும் அச்சாகியிருக்க வேண்டும். அப்புறம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும் எஃப்.எஸ்.சி. பட்டியலில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். சான்றிதழ் உயிரோடு இருக்கிறதா, நாம் வாங்கும் ரகம் அதற்குள் அடங்குகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். முதல் கேள்வியைக் கேட்பவர்கள் உண்டு. இரண்டாவதைக் கேட்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். முத்திரையின் டிசைனையும் அச்சடிப்பதற்கு முன்பே சான்றளிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். அச்சடித்த பிறகு அனுப்புவது நம் ஊர் வழக்கம்.

வருடக் கடைசியில் கணக்கு வேறு. எத்தனை டன் சான்றளித்த பேப்பர் வாங்கினீர்கள், கழிவு எவ்வளவு, எவ்வளவு விற்றீர்கள்? 10 டன் வாங்கி 12 டன் விற்றிருந்தால், சான்றிதழுக்காகச் சோதிக்க வரும் ஆடிட்டர் சிரிக்க மாட்டார். கட்டிங்கில் போகும் துண்டுப் பேப்பரைக் கழிக்காமல் எழுதிவிட்டு, நல்லவராக இருந்தும் திருடனைப் போல முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முத்திரையிலேயே மூன்று வகை உண்டு. '100%' என்றால் முழுக்கச் சான்றளித்த காட்டு மரம். 'ரீசைக்கிள்டு' என்றால் மறுசுழற்சி. நாம் பெரும்பாலும் கையில் எடுக்கும் 'மிக்ஸ்' கலவை. அதில் சான்றளித்த மரத்தோடும் பழைய பேப்பரோடும், சான்றிதழ் இல்லாத ஆனால் கள்ள வெட்டு, உரிமை மீறல், இயற்கைக் காட்டை அழித்தது போன்றவை இல்லை என்று சோதித்த மரமும் சேரலாம். மிக்ஸ் நோட்டை நீட்டி "இது முழுக்கப் பாதுகாக்கப்பட்ட காட்டு மரம்" என்று விளம்பரம் செய்வது பொய். தெரியாமல் சொன்னாலும் பொய்தான்.

காடு எங்கே இருக்கிறது?

இந்த முறை பிறந்த கதை தெரிந்தால் பல குழப்பங்கள் தீரும். 1980-களின் கடைசியில் வெப்பமண்டல மரங்களை வாங்கக் கூடாது என்று ஐரோப்பாவில் இயக்கங்கள் நடந்தன. 1992 ரியோ மாநாட்டில் காடுகளுக்கென்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் உருவாகவில்லை. அரசுகள் செய்யாததைச் சந்தையை வைத்துச் செய்வோம் என்று 1993-இல் டொராண்டோவில் கூடி எஃப்.எஸ்.சி.யைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவின் சிறு வன உரிமையாளர்கள் இது தங்களுக்குப் பொருந்தவில்லை என்று 1999-இல் பி.இ.எஃப்.சி. என்ற இன்னொன்றை உருவாக்கினார்கள். காப்பாற்ற நினைத்தது வெப்பமண்டலக் காட்டை. ஆனால் சான்றிதழ் பெற்ற பரப்பில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும்தான் இருக்கிறது. அங்கே பெரிய பரப்பு, தெளிவான உரிமை, பழைய பதிவேடு, பக்கத்திலேயே வாங்கும் ஆள். வளரும் நாட்டில் நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் உரிமை கோருவார்கள், ஆடிட் செலவு கைக்கு அடங்காது, உள்ளூரில் மரம் வாங்குகிறவர் முத்திரையைக் கேட்பதே இல்லை.

இந்தியாவின் கதை இன்னும் வேறு. 1988 தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. காடுகளைப் பற்றிய கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, காட்டில் வெட்டுவதைக் கடுமையாக இறுக்கியது. விளைவு, நாம் பயன்படுத்தும் தொழில்மரத்தில் பெரும்பகுதி காட்டுக்கு வெளியே, வயலிலும் வரப்பிலும் வளர்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கம் பஸ்ஸில் போனால் இருபுறமும் தெரியும் சவுக்குத் தோப்புதான் நம் காகிதத்தின் 'காடு'. கரூர் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு காகித ஆலை கரும்புச் சக்கையில் தொடங்கிய ஆலை. அதுவும் இன்று விவசாயிகளிடம் சவுக்கும் தைலமரமும் வாங்குகிறது. ஆகவே 'சான்றிதழ் வந்தால் சத்தியமங்கலம் காடு பிழைக்கும்' என்ற எதிர்பார்ப்பு இடம் மாறிப்போன எதிர்பார்ப்பு. அந்தக் காட்டைக் காப்பது சட்டமும் வனத்துறையும் அங்கே வாழும் மக்களும்.

அப்படியானால் நம் ஊரில் சான்றிதழ் என்ன செய்ய முடியும்? இரண்டு ஏக்கர் சவுக்குக்காரர் தனியாக ஆடிட்டருக்குப் பணம் கட்ட முடியாது. அதனால் ஆலையோ கூட்டமைப்போ பொறுப்பேற்று, நூற்றுக்கணக்கான விவசாயிகளை ஒரே சான்றிதழில் சேர்க்கிறது. இதுதான் குழுச் சான்றிதழ். ஆடிட்டர் எல்லார் தோப்புக்கும் போக மாட்டார், மாதிரிக்குச் சிலரை எடுப்பார். "நம்ம தோப்புக்கு எங்கே வரப்போறார்" என்ற அசட்டுத் தைரியம் அங்கேதான் பிறக்கிறது. எடுத்த சிலரில் ஒருவரிடம் பெரிய தவறு இருந்தால் அதற்குக் குழு முழுவதும் பதில் சொல்ல வேண்டும். பெரிய குறையை மூன்று மாதத்தில் சரிசெய்யாவிட்டால் சான்றிதழே நிறுத்தப்படலாம்.

தோப்பில் எங்கே மாட்டுவார்கள்? கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் நெல் என்று இருக்கும், நிலத்தில் சவுக்கு நிற்கும். பட்டா அப்பா பெயரில், குழுப் பட்டியலில் மகன் பெயர். மரத்தை ஏஜென்ட் வெட்டி ஏற்றிக்கொண்டு போயிருப்பார், யார் தோப்பு மரம் எந்த லாரியில் போனது என்று ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது. வெட்டுக்கு வந்தவர்கள் வெறுங்காலோடு வேலை செய்வார்கள், முதலுதவிப் பெட்டி ஏஜென்ட் வீட்டில் இருக்கும். பூச்சிமருந்தும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடிய நஞ்சு என்று வகைப்படுத்திய மருந்துகளை எஃப்.எஸ்.சி. ஏற்காது. மோனோகுரோட்டோபாஸ் டப்பா மோட்டார் கொட்டகையில் கிடந்தால், அது பருத்திக்கு வாங்கியது என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

விலை விஷயத்தில் விவசாயிக்கு ஆசை காட்டாதீர்கள். சான்றிதழ் இருந்தால் டன்னுக்கு இத்தனை ரூபாய் கூடும் என்று எந்தத் திட்டமும் உறுதி தருவதில்லை. ஆலை தருவதாகச் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் நிஜமான லாபம் வேறு மாதிரி வரும்: நல்ல குளோன் கன்று, வாங்கிக்கொள்வோம் என்ற ஒப்பந்தம், சரியான எடைமேடை. என்னைக் கேட்டால் அந்த எடைமேடை ஒன்றே போதும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. புதுக்கோட்டையில் தைலமரக் காடுகளுக்கு எதிராக மக்கள் பல வருடமாகக் குரல் கொடுக்கிறார்கள். நிலத்தடி நீர் போகிறது, கண்மாய்க்கு வரத்து இல்லை என்பது அவர்கள் புகார். "சான்றளித்த தோட்டம்தானே, பிறகென்ன?" என்று அதை ஒதுக்குவது பெரிய தவறு. அக்கம்பக்கத்து மக்களிடம் பேசி, அவர்கள் புகாரைப் பதிந்து பதில் சொல்ல வேண்டும் என்பது சான்றிதழ் விதிகளிலேயே இருக்கிறது. முத்திரையை வாயடைக்கப் பயன்படுத்துகிறவர் அந்த விதியையே மீறுகிறார்.

சட்டப்படியான மரம் வேறு

ஈட்டியும் வட இந்தியச் சீஷமும் ஒரே பேரினம். அந்தப் பேரினம் ஏறக்குறைய முழுவதும் 2017 ஜனவரியில், அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள், அதாவது ஏற்றுமதிக்கு அனுமதி கேட்கும் பட்டியலுக்குள் வந்தது. சஹாரன்பூர் கைவினைக்காரர்கள் திணறிப்போனார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது கைவினைப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு நடத்தும் 'விருக்ஷ்' சான்று. 2022-இல் பனாமா மாநாட்டில் இன்னும் கொஞ்சம் தளர்வு கிடைத்தது. 'விருக்ஷ்' சொல்வது, இந்த மரம் சட்டப்படி வந்தது என்பதை. காடு நீடித்து நிற்கும்படி வெட்டினார்கள் என்று அது சொல்லவில்லை. மரத்தை ஏற்றிச் செல்ல வனத்துறை தரும் அனுமதிச்சீட்டான டிரான்சிட் பாஸும் அப்படியே. இரண்டையும் நீடித்த வனச் சான்றிதழ் என்று சொல்லி விற்றால் வாங்குகிறவர் ஒருநாள் கேட்பார்.

இதன் மறுபக்கத் தவறு இப்போது பரவுகிறது: எஃப்.எஸ்.சி. இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டத்துக்கு அதுவே போதும் என்ற நம்பிக்கை. போதாது. 2023-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் அமலாகும் தேதி தள்ளிப்போனது; ஆனால் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து சரக்கு வந்திருக்கக் கூடாது என்ற கெடு அப்படியே நிற்கிறது. மரம், ரப்பர், காப்பி எல்லாம் அதில் அடக்கம். விளைந்த நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். 4 ஹெக்டேருக்கு மேல் போனால் எல்லை முழுவதையும் வரைந்து தர வேண்டும். சான்றிதழ் இருந்தால் ஆய்வுக்கு உதவும், ஆனால் ஆய்வு செய்யும் கடமை போகாது. கன்னியாகுமரி ரப்பர்காரரும் ஏற்காடு காப்பிக்காரரும் இப்போதே கையில் ஃபோனோடு வரப்பைச் சுற்றி வந்துவிடுவது நல்லது.

கிராம சபையை மறப்பது

அரசுக் காட்டுக்குச் சான்றிதழ் வாங்கப் போகிறவர்கள் வரைபடம், மரக் கணக்கு, செயல்திட்டம் எல்லாம் அழகாகத் தயார் செய்வார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் காட்டில் யாருக்கு என்ன உரிமை, எந்த மனு நிலுவையில் கிடக்கிறது என்று கிராம சபையிடம் கேட்டு எழுதிய கோப்பு மட்டும் இருக்காது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மேண்டா லேகா கிராமம் 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேருக்குச் சமூக வன உரிமை பெற்றது. ஆனாலும் தங்கள் மூங்கிலைத் தாங்களே விற்க டிரான்சிட் பாஸ் புத்தகம் கைக்கு வர 2011 ஆனது, அதற்கும் மத்திய அமைச்சர் நேரில் வர வேண்டியிருந்தது. பழங்குடி உரிமையும் உள்ளூர்ச் சமூகத்தின் உரிமையும் எஃப்.எஸ்.சி.யின் பத்துக் கோட்பாடுகளில் இரண்டு. அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினால் ஆடிட்டர் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவார்.

2023 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சொந்தமாக ஒரு திட்டத்தை அறிவித்தது. பெயர் இந்திய வன, மரச் சான்றிதழ்த் திட்டம். நடத்துவது போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனம். காட்டுக்கு வெளியே வளரும் மரங்களுக்கும் அதில் தனி இடம் உண்டு என்பது நமக்குப் பொருந்தும் அம்சம். ஆனால் அது விருப்பத்தின் பேரில் சேரும் திட்டம். வெளிநாட்டில் வாங்குகிறவர் அதை ஏற்கிறாரா என்பது அவரவர் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பணம் கட்டும் முன் அவரிடமே மின்னஞ்சலில் கேளுங்கள்: எந்தத் திட்டம், எந்த முத்திரை, ஆர்டர் முழுவதற்குமா பாதிக்கா? ஃபோனில் கேட்டுவிட்டு எஃப்.எஸ்.சி.க்குப் பணம் கட்டி, பிறகு பி.இ.எஃப்.சி.தான் வேண்டும் என்று தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

அந்த டைரி அச்சகம் அடுத்த வருடம் சி.ஓ.சி. வாங்கிவிட்டது. பில், பட்டியல், டிசைன் ஒப்புதல் எல்லாம் சுத்தம். முதல் ஆடிட்டில் மாட்டியது பைண்டிங். சீசன் நெருக்கடியில் பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் தைக்கக் கொடுத்திருக்கிறார். வெளியே வேலை கொடுத்தால் ஒப்பந்தம் எழுதி, முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. "தைக்கிறதுக்குமா சார்?" என்று கேட்டார். தைக்கிறதுக்கும்தான்.