தனியாக வாழும் பெற்றோரின் தட்டில் என்ன இருக்கிறது?

பிள்ளைகள் வெளியூர் போய், வீட்டில் ஒருவர் மட்டும் மிஞ்சும்போது முதலில் சுருங்குவது சமையல்தான். ஒரு ஆளுக்கு எதற்குக் குழம்பும் பொரியலும் என்று ரசமும் ஊறுகாயுமாக நாள் ஓடும். வயதானால் கலோரித் தேவை குறைவது உண்மை. புரதத் தேவை குறையாது. தசை கரையும் வயது என்பதால் சற்றுக் கூடும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது வல்லுநர்கள் பலரின் பரிந்துரை. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான்!

வாரம் ஒரு முறை கொண்டைக்கடலையை மொத்தமாக வேகவைத்து, சிறு டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடலாம். பல் ஒத்துழைக்கவில்லையா? கடைந்த பருப்பு, தயிர், முட்டை. மனைவியை இழந்த, அடுப்பே பற்றவைத்தறியாத ஆண்களுக்கு முட்டை அவிப்பதிலிருந்து பாடம் தொடங்கட்டும்.

நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. சுவரோரம் உறுதியான நாற்காலி போட்டு, முடிந்தவரை கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரலாம். முதியோர் வாரத்தில் 3 நாளாவது தசைவலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தொலைபேசியில் “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டால் “ஆச்சு” என்றுதான் பதில் வரும். “என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.