ஏரியில் ஃப்ரீடைவிங்: வெட்சூட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் மாதம் சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரியிலோ, சுவிஸ்-ஜெர்மன்-ஆஸ்திரிய எல்லையிலுள்ள போடன்ஸே ஏரியிலோ கரையோரம் இறங்கினால் தண்ணீர் இதமாக இருக்கும். 22, 23 டிகிரிகூட வரும். பிள்ளைகள் வெறும் நீச்சலுடையோடு மணிக்கணக்கில் விளையாடுவார்கள். அதே ஏரியில் ஃப்ரீடைவிங் செய்தால், அதாவது காற்றுக்கலன் இல்லாமல் மூச்சை அடக்கிக்கொண்டு கயிற்றோடு 15 மீட்டர் கீழே போனால் நிலைமை வேறு. நடுவில் சில மீட்டருக்குள் குளிர் சட்டென்று முகத்தில் அறையும். 30 மீட்டரில் நல்ல கோடையிலும் 5, 6 டிகிரிதான். நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அதிக அடர்த்தியோடு இருக்கும் என்பதால் குளிர்ந்த நீர் அடியிலேயே தங்கிவிடுகிறது, வெயில் பட்ட நீர் மேலே மிதக்கிறது. இரண்டும் சந்திக்கும் அடுக்கைத்தான் தெர்மோக்ளைன் என்கிறோம்.

தண்ணீரில் குளிர் தாங்க அணியும் ரப்பர் உடுப்பான வெட்சூட் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி கடலுக்காகச் சொல்லப்பட்டவை. சுவிட்சர்லாந்தில் கடலே கிடையாது. இங்கே வாழும் நம்மவர்கள் ஃப்ரீடைவிங் கற்க ஆசைப்பட்டால் பெரும்பாலும் ஏரியில்தான் பழக வேண்டும். கடல் கணக்கை அப்படியே ஏரிக்குக் கொண்டுவந்தால் காசும் போகும், குளிரும் போகாது. சில நேரம் அது ஆபத்தாகவும் முடியும்.

மேல்தண்ணீரைப் பார்த்துத் தடிமனை முடிவு செய்வது

எகிப்தின் தஹபுக்கு விடுமுறையில் போய் 3 மில்லிமீட்டர் சூட்டில் சுகமாக முக்குளித்தவர், அதையே ஏரிக்கும் போதும் என்று நினைக்கிறார். மேற்பரப்பில் மிதக்கும்வரை போதும்தான். ஆனால் இந்த உடுப்பு செய்யப்படும் நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் கதகதப்பைத் தருவது அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன வாயுக் குமிழிகளால்தான். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்காகிறது, குமிழிகள் பாதியாகச் சுருங்குகின்றன. 30 மீட்டரில் அவை கால் பங்கு. அதாவது தண்ணீர் மிகக் குளிராக இருக்கும் இடத்தில்தான் உங்கள் உடுப்பும் மிக மெல்லியதாகிறது. கடலில் இந்தச் சுருக்கம் அவ்வளவாக உறைக்காது, ஏனென்றால் பல கடல்களில் அடியிலும் நீர் ஓரளவு வெதுவெதுப்பாகவே இருக்கும்.

குளிர் என்பது ஃப்ரீடைவிங்கில் வெறும் அசௌகரியம் அல்ல. உடல் நடுங்கத் தொடங்கினால் தசைகள் ஆக்சிஜனைத் தின்னும். தளர்வாக மூச்செடுப்பது நடக்காது. விரல் மரத்துப்போனால் மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்வதும், அவசரத்தில் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய ஈய பெல்ட்டைக் கழற்றுவதும் தடுமாறும். நடுங்கத் தொடங்கிவிட்டால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது என்று கரையேறிவிடுங்கள்.

ஆல்ப்ஸ் பகுதி ஏரிகளுக்குக் கோடையில் 5 மில்லிமீட்டர், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் 7 என்று தொடங்குவது நல்லது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5 வாங்குங்கள். உள்ளே போட ஒரு மெல்லிய நியோப்ரீன் பனியனும் நல்ல கையுறையும் காலுறையும் சேர்த்தால் மே முதல் அக்டோபர் வரை சமாளிக்கலாம்.

தடிமனை நம்பி அளவைக் கோட்டைவிடுவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான் என்பேன். தொளதொளவென்ற 7 மில்லிமீட்டரைவிட உடம்போடு ஒட்டிய 5 மில்லிமீட்டர் கதகதப்பானது. ஒவ்வொரு முறை தலைகுப்புறத் திரும்பும்போதும் சூட்டுக்குள் குளிர்ந்த நீர் புகுந்து, சூடான நீரைத் தள்ளிக்கொண்டு போனால் எத்தனை தடிமன் இருந்தும் பயனில்லை.

கடையில் போட்டுப் பார்க்கும்போது மூன்று இடங்களைக் கையால் தடவிப் பாருங்கள்: முதுகின் கீழ்ப் பள்ளம், அக்குள், தாடைக்கும் கழுத்துக்கும் இடைப்பட்ட பகுதி. அங்கே காற்றுப் பை போல எழும்பினால் அந்த அளவு உங்களுக்கு இல்லை. அப்புறம் வயிறும் நெஞ்சும் நிறைய ஒரு முழு மூச்சு இழுங்கள். விலா விரியும்போது உடுப்பு எதிர்த்து நின்றால், தண்ணீரிலும் அப்படித்தான் நிற்கும். ஃப்ரீடைவருக்கு அந்த மூச்சைவிடப் பெரிய சொத்து இல்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டிச் சேர்த்துப் பிடியுங்கள், குந்தி உட்காருங்கள். தோள் வலிக்காமல் முடிகிறதா? சரி, அது உங்கள் அளவு.

கழுத்தை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே இறுக்கம் அதிகமானால் கழுத்து நாடியில் அழுத்தம் விழுந்து இதயத் துடிப்பு குறையலாம், தலை சுற்றலாம். ‘போகப் போக இளகிவிடும்’ என்று விற்பவர் சொன்னாலும் கழுத்து விஷயத்தில் ஏற்காதீர்கள்.

மார்பு அகன்று இடுப்பு ஒடுங்கியவர்களுக்கும், உயரம் குறைந்தவர்களுக்கும் ரெடிமேட் அளவுகள் பல நேரம் பொருந்துவதில்லை. அளவெடுத்துத் தைத்துத் தருபவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். பொருந்தாத விலையுயர்ந்த சூட்டைவிட, அளவாகத் தைத்த சாதாரண நியோப்ரீன் மேல்.

வேறு விளையாட்டின் சூட்டை வைத்து ஒப்பேற்றுவது

காற்றுக்கலனோடு மூழ்கும் ஸ்கூபா டைவிங்கின் சூட்டில் நியோப்ரீன் பெரும்பாலும் கெட்டியானது. முதுகில் ஜிப் இருக்கும், அது வளையாது. டிரையத்லான் சூட் மேற்பரப்பில் மிதந்து நீந்துவதற்காகச் செய்யப்பட்டது. சர்ஃபிங் சூட்டில் தலையை மூடும் ஹூட் பெரும்பாலும் இருக்காது. ஃப்ரீடைவிங் சூட் ஜிப் இல்லாத இரண்டு துண்டு: ஹூட் சேர்ந்த மேல்சட்டை, இடுப்புக்கு மேல்வரை ஏறும் கால்சட்டை. தோள்பட்டையோடு வரும் கால்சட்டை நெஞ்சில் இரட்டை அடுக்கு தரும், ஆனால் மூச்சு விரிவதைக் கொஞ்சம் பிடிக்கும். ஏரியில் ஆழம் போகப் பழகுபவருக்கு உயர்ந்த இடுப்புள்ள கால்சட்டையே வசதி.

மென்மைக்கும் உழைப்புக்கும் நடுவே

உள்பக்கம் துணி ஒட்டாத நியோப்ரீனை ஓப்பன் செல் என்பார்கள். தோலோடு அட்டையாக ஒட்டிக்கொள்வதால் நீர் புகாது, நன்றாக நீளும். ஏரிக்கு உள்பக்கம் இதுதான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறை என்னவென்றால் நகம் பட்டாலே கிழியும்.

வெளிப்பக்கத்தில்தான் ஏரிக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். துணி ஒட்டாத, பளபளப்பான ஸ்மூத் ஸ்கின் பார்க்க அழகு. தண்ணீரைப் பிடித்து வைக்காததால் மேலே மிதக்கும்போது காற்றுக் குளிரும் குறைவு. ஆனால் ஏரியில் பாறையில் உட்கார்ந்துதான் காலில் நீச்சல் துடுப்பு மாட்டுகிறோம். மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகள் உண்டு. போதாததற்கு 2016 முதல் போடன்ஸேயில் குவாகா சிப்பி பரவியிருக்கிறது. பாறை, கம்பம், சங்கிலி என்று எதிலும் ஒட்டிக்கொள்ளும் அதன் ஓட்டு விளிம்பு கூர்மையானது. கரையிலிருந்து இறங்குபவர்கள் வெளியே நைலான், உள்ளே ஓப்பன் செல் என்று எடுத்தால் பல பருவங்கள் உழைக்கும். முழங்காலுக்குக் கூடுதல் அடுக்கு இருந்தால் இன்னும் நல்லது. படகிலிருந்தோ மிதவை மேடையிலிருந்தோ மட்டும் இறங்குபவர்கள் ஸ்மூத் ஸ்கின் வாங்கலாம்.

ஜப்பானின் யமமோட்டோ நியோப்ரீனில் 38, 39, 45 என்று எண்கள் வரும். எண் கூடக்கூட நியோப்ரீன் பொதுவாக மென்மையாகும், அதிகமாக நீளும். மென்மையானது சீக்கிரம் நசுங்கும், சீக்கிரம் தேயும். ஏரிப் பயிற்சிக்குப் பெரிய எண்ணைத் துரத்த வேண்டியதில்லை.

தையலையும் பாருங்கள். ஊசி மறுபக்கம் வெளிவராமல், ஒட்டித் தைத்த தையல்தான் நீரைத் தடுக்கும்.

ஹூட் மிக இறுக்கமாக இருந்தால் காதுக்கு வெளியே காற்று சிக்கி, இறங்கும்போது செவிப்பறை வலிக்கும். மூழ்குவதற்கு முன் ஹூட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள்.

கடலில் கட்டிய ஈயத்தையே ஏரியிலும் கட்டுவது

இதைச் சூட்டோடு சேர்த்தே யோசிக்க வேண்டும், ஏனென்றால் உயிர் இதில்தான் இருக்கிறது. கடல்நீரைவிட நன்னீர் சுமார் 2.5 சதவீதம் லேசானது. சூட்டோடு சேர்த்து 80 கிலோ எடையுள்ளவருக்குக் கடலில் தேவைப்பட்டதைவிட ஏறக்குறைய 2 கிலோ ஈயம் குறைவாகவே வேண்டும். மறுபக்கம், தடிமனான புதுச் சூட் அதிகம் மிதக்கும் என்பதால் ஈயம் கூடும். மேலே உங்களைத் தூக்கிய அதே சூட் ஆழத்தில் நசுங்கி மிதப்பை இழந்துவிடும்; ஈயம் மட்டும் அப்படியே இருக்கும். 7 மில்லிமீட்டரில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. 30 மீட்டரிலிருந்து திரும்பும்போது கால்கள் அதற்கு விலை கொடுக்கும்.

மூச்சை வெளியேவிட்ட பிறகும் மேற்பரப்பில் மிதக்க வேண்டும். ஏறத்தாழ 10 மீட்டரில் மிதக்காமலும் அமிழாமலும் நிற்க வேண்டும். மூச்சடக்குவதில் ஆக்சிஜன் குறைந்து வரும் மயக்கம் பெரும்பாலும் மேலே வந்து சேரும் தறுவாயிலோ சேர்ந்த பிறகோதான் வருகிறது. அந்த நொடியில் அதிக ஈயம் கட்டியவர் மீண்டும் கீழே போய்விடுவார். புதுச் சூட் வாங்கினால் முதல் நாள் ஆழத்துக்குப் போகாமல் ஈயக் கணக்கை மட்டும் சரிபாருங்கள். பக்கத்தில் பயிற்சி பெற்ற துணை இல்லாமல் அதைக்கூடச் செய்யாதீர்கள்.

போடுவதும் பேணுவதும்

ஓப்பன் செல்லைக் காய்ந்த தோலில் இழுத்தால் முதல் நாளே கிழியலாம். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் தலைமுடிக் கண்டிஷனரைக் கலந்து உள்ளே ஊற்றி, விரல் நுனியால் அல்லாமல் உள்ளங்கையால் ஏற்றுங்கள். போடன்ஸேயிலிருந்து சுமார் 40 லட்சம் பேருக்குக் குடிநீர் போகிறது. ஆகவே கண்டிஷனர் எளிதில் மக்கும் வகையாக, கொஞ்சமாகவே இருக்கட்டும்.

வெயிலில் காயப்போடாதீர்கள், மடித்து வைக்காதீர்கள், குளோரின் நீச்சல்குளத்துக்கு நல்ல சூட்டைக் கொண்டுபோகாதீர்கள். அகன்ற தோளுள்ள ஹேங்கரில் நிழலில் தொங்கவிடுங்கள். பழைய சூட் வாங்குவதானால் நெஞ்சுப் பகுதியையும் தொடையையும் விரலால் அழுத்தி, தடிமனை மணிக்கட்டுப் பகுதியோடு ஒப்பிடுங்கள். அடிக்கடி ஆழம் போன சூட்டில் குமிழிகள் நிரந்தரமாக நசுங்கியிருக்கும்; 5 என்று எழுதியிருந்தாலும் கையில் 3 போலத் தெரியும்.

ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறீர்களானால் நடுவில் சூட், காலுறை, துடுப்பு எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி, முழுவதும் உலரவிடுங்கள். குவாகா சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஈரமான நியோப்ரீனில் ஒளிந்துகொண்டு அவை அடுத்த ஏரிக்குப் போய்விடும்.