ரத்தத்துக்கு ஒரு நோட்டு

கடலூர் திருப்பாப்புலியூரில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். எந்த வண்டிக்கு எப்போது ஆயில் மாற்றினோம், அடுத்த சர்வீஸ் என்றைக்கு என்று எழுதி வைத்து, நாள் நெருங்கியதும் போன் போடுவது எங்கள் வழக்கம். அதே மேசையில் இன்னொரு நோட்டும் இருக்கிறது. யார் எப்போது ரத்தம் கொடுத்தார்கள், அடுத்து எப்போது கொடுக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

என் தங்கைக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. முன்பின் தெரியாத மூன்று பேரின் ரத்தம் ஏறித்தான் பிழைத்தாள். அந்த மூன்று பேரும் அன்றைக்கு ஓடி வந்து கொடுத்தவர்கள் இல்லை. என்றைக்கோ கொடுத்து, பரிசோதனை முடிந்து, குளிர்பெட்டியில் தயாராக இருந்த ரத்தம் அது. அதனால்தான் அவசரத்துக்கு ஆள் தேடுவதைவிட, தவறாமல் கொடுக்கும் ஆட்களைச் சேர்ப்பது முக்கியம் என்கிறேன்.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். அதாவது 13 வாரம். வாரத்துக்கு ஒரு பக்கம் என்று 13 பக்கம் ஒதுக்கி, பக்கத்துக்கு இரண்டு மூன்று பேரை எழுதுங்கள். பெண்களுக்கு 120 நாள் இடைவெளி, அவர்களுக்குப் பின்பக்கம் தனியாக. எழுதிய அத்தனை பேரையும் ஒரே நாளில் ரத்த வங்கிக்குக் கூட்டிப்போக வேண்டாம். எடுத்த ரத்தத்தைப் பிரித்து வைத்தால் சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள்தான் தாங்கும், தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாள். எல்லாரும் ஒன்றாகக் கொடுத்துவிட்டால் அடுத்த மூன்று மாதம் அவர்களில் ஒருவரையும் கூப்பிட முடியாது.

குரூப்பில் செய்தி போட்டால் எல்லாரும் ஃபார்வர்டு செய்வார்கள், யாரும் கிளம்ப மாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், உறவு சொல்லிக் கூப்பிடுங்கள். நான் இப்படித்தான் கேட்பேன்: “மாமா, தொண்ணூறு நாள் ஆயிடுச்சு. சனிக்கிழமை காலையில போலாமா? நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.” பத்தில் ஏழெட்டுப் பேர் சரி என்பார்கள். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் முறை வருபவருடன் கட்டாயம் கூடவே போங்கள். மாவு மில் தம்பி ஒருவனைக் கூட்டிப்போனேன். இட்லி சாப்பிட வைத்து, தண்ணீர் குடிக்க வைத்துத்தான் அழைத்துப் போனேன், ஆனாலும் கை சில்லிட்டிருந்தது. விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை நீலக் கரைசலில் விட்டார்கள். சொட்டு நேரே அடியில் இறங்கினால் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையவில்லை என்று அர்த்தம். தம்பி குனிந்து அந்தச் சொட்டையே பார்த்தான். “அண்ணே, மூழ்கிடுச்சுண்ணே!” அவ்வளவுதான், பயம் போய்விட்டது. அப்புறம் பத்து நிமிஷம் பந்தை அமுக்கிக்கொண்டு படுத்திருந்தான், எழுந்ததும் பிஸ்கட், டீ.

உடம்பு வீக்காகிவிடும் என்று அவன் அம்மா கவலைப்பட்டார். பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது, எடுப்பது 350 மில்லி என்று சொன்னேன். ஊசி, பை எல்லாம் அவன் கண் முன்னால் பிரித்த புதுசு என்றும் சொன்னேன்.

18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகாதவரைக் கூப்பிடாதீர்கள். காய்ச்சல், மாத்திரை, மஞ்சள் காமாலை எதுவானாலும் அங்கே கேட்கும்போது மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தயங்குபவரை வற்புறுத்தவே கூடாது. வெட்கத்துக்காக வருபவர் நோயை மறைத்துவிடுவார், அது வாங்குபவர் உயிருக்கு ஆபத்து. காசும் கொடுக்காதீர்கள், காசுக்கு ரத்தம் வாங்குவது 1998 முதல் நம் நாட்டில் தடை.

வெயில் காலத்தில் கல்லூரிகள் மூடிவிடும், முகாம்கள் குறையும். அப்போது நான் தேவனாம்பட்டினம் பக்கம் போவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு அண்ணன்மார் கரையில் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். கொடுத்த அன்று பாரம் தூக்கக் கூடாது என்பதால் தொழில் நாளில் அவர்களைக் கேட்பது சரியில்லை. மழைக்காலத்தில் டெங்கு வந்தால் தட்டணுக்கள் தேவைப்படும். ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் கூடுதலாக இரண்டு பெயர் எழுதி வைப்பேன்.

சொட்டு மிதந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பெண்கள்தான், வாடிய முகத்தோடு திரும்புவார்கள். எங்கள் தெரு டெய்லர் அக்காவை இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள். டாக்டரைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை எடுத்தார், முருங்கைக்கீரையும் வேர்க்கடலையும் விடாமல் சாப்பிட்டார். மூன்றாம் முறை சொட்டு மூழ்கியது. பின்பக்கத்தில் முதல் பெயர் அக்காவுடையதுதான். அடுத்த தேதிக்கு இன்னும் 17 நாள் இருக்கிறது.