மாங்காய் மண்டி டாலி பேக்கப்பைச் சரிசெய்த விதம்

கிருஷ்ணகிரி மண்டி ஒன்றில் டாலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டாவும் எடைச்சீட்டு ஸ்கேனும் சேர்ந்த பேக்கப் ஜிப் கோப்பு, பென்டிரைவில் ஏறாமல் நின்றது. காரணம், பென்டிரைவ் இருந்த ஃபேட்32 என்ற ஃபார்மட்: அது 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது. என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு வகையில் ஃபார்மட் செய்ததும் ஏறியது (உள்ளே இருப்பதை முதலில் வேறெங்காவது காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் அழிந்துவிடும்).

அதோடு இரண்டு ஹார்ட் டிஸ்க், நாள் மாற்றி நாள். ஒன்று முதலாளி வீட்டில். செருகியே வைத்தால் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) அதையும் பூட்டிவிடும். கூகுள் டிரைவ் போன்ற ஆன்லைன் சிங்க்கை நம்ப வேண்டாம், இங்கே அழித்தால் அங்கேயும் போகும்.

பேக்கப்புக்கு முன் எல்லா கம்ப்யூட்டரிலும் டாலியை மூடுங்கள், சீசன் அவசரத்தில் யாரும் மூடமாட்டார்கள். ரீஸ்டோர் சோதனை (பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது) வேறு ஃபோல்டரில்தான். அதே பாதையில் செய்தால் இன்றைய கணக்கின் மேல் பழையது ஏறிவிடும். பிறகு கடைசி பில் எண்ணையும் ஒரு விவசாயியின் பாக்கியையும் ஒத்துப் பாருங்கள்.