சின்ன வயசு மானக்கேட்டுக் கதைய எடுத்து விடும்போது பண்ற தப்புங்க

எல்லா வீட்டுலயும் இப்படி ஒரு கதை ஸ்டாக் இருக்கும், ஸ்கூல் டிராமால மரமா நிக்கச் சொன்ன பையன் டவுசர நனைச்சிட்டு, "மிஸ், மரத்துக்கு ஒண்ணுக்கு வந்துருச்சு"ன்னு மைக்ல கேக்குற அளவுக்குக் கத்துன மாதிரி. சொல்றதுல ஒண்ணும் தப்பில்ல, நானும் ரசிச்சுக் கேக்குற ஆளுதான். ஆனா யாரு முன்னாடி சொல்றோம்னு பாக்காம ஆரம்பிக்கிறதுதான் பெரிய தப்பு. வீட்டு ஆளுங்க மட்டும் இருக்கும்போது கூட சேர்ந்து சிரிச்ச அதே பையனுக்கு, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் வந்திருக்கும்போது இத எடுத்தா மூஞ்சி செத்துப் போயிடும், ஏன்னா நமக்கு அவனப் பத்தித் தெரிஞ்ச ஆயிரம் விஷயத்துல இது ஒண்ணு, வந்தவங்களுக்கு இதுதான் முதல் விஷயம்.

டீன் ஏஜ் புள்ளைங்கன்னா இன்னும் கவனம். அந்த வயசுல ஊரே தன்னைத்தான் பாத்துட்டு இருக்குன்னு ஒரு நினைப்பு உள்ள ஓடிட்டே இருக்கும்னு டேவிட் எல்கைண்ட்ங்கிற உளவியல் நிபுணர் 1967லயே எழுதிட்டாரு. அப்பப் போயி மானத்த வாங்கிட்டு, "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், இதுக்குப் போய் கோவிச்சுக்கிறியே"ன்னு மேல ஒண்ணு போடுவாங்க பாருங்க, கதைய விட அதுதான் ஜாஸ்தி எரியும்.

அடுத்தது கண்ணு காது மூக்கு வச்சு சொல்றது. மூணு வயசுக்கு முன்னாடி நடந்தது பெரும்பாலும் யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதனால நீங்க சொல்றதே அவங்க ஞாபகமா மாறிடும். 1995ல எலிசபெத் லாஃப்டஸ், ஜாக்குலின் பிக்ரெல்ங்கிற ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 24 பேர்கிட்ட, சின்ன வயசுல நீங்க ஷாப்பிங் மால்ல தொலைஞ்சு போனீங்க, உங்க வீட்டுல சொன்னாங்கன்னு நடக்காத கதைய நடந்த கதைங்களோட கலந்து குடுத்துப் பாத்தாங்க, கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் முழுசாவோ அரைகுறையாவோ ஆமா ஞாபகம் இருக்குன்னுட்டாங்க! அதனால "அது நான் இல்ல, அக்காதான்"னு ஒருத்தர் சொன்னா, "உனக்கென்ன தெரியும், நீ அப்பக் குழந்தை"ன்னு வாய அடைக்காதீங்க, ஆள மாத்திச் சொல்றது நீங்களாக்கூட இருக்கலாம்.

அப்புறம் மூத்தவன் கதைன்னா சாமர்த்தியம், கடைக்குட்டி கதைன்னா மட்டும் காமெடின்னு ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரே ஆள ஓட்டாதீங்க. பழைய குளியல் போட்டோவ ஃபேமிலி குரூப்ல தட்டி விடுறதும் இதே கணக்குதான், முதல்ல கேளுங்க, வேணாம்னா விட்டுருங்க.