லாச்சிக்குள் கிடக்கிற வைஃபை டொங்கிளை லினக்ஸில் ஓட வைப்போம்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு, வீட்டில் இருக்கிற பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமா என்று வன்னியிலும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய லப்டொப், ரியூஷன் சென்டர் கழித்துவிட்ட டெஸ்க்டொப், பெரும்பாலும் இப்படியானவைதான். லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டதும் கணினி உற்சாகமாக ஓடும், வைஃபை மட்டும் வராது. லப்டொப்பின் உள் வைஃபை செத்திருக்கும். டெஸ்க்டொப்பில் அது முதலிலேயே இருந்திருக்காது. ஒட்டுசுட்டான், மல்லாவி போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு இன்டர்நெட் வருவது 4ஜி ரவுட்டரில் அல்லது போன் ஹொட்ஸ்பொட்டில். அதனால் வைஃபை இல்லாவிட்டால் அந்தக் கணினிக்கு இன்டர்நெட்டே இல்லை என்றுதான் அர்த்தம்.

அப்போதுதான் லாச்சிக்குள் கிடந்த யூஎஸ்பி டொங்கிள், அதாவது யூஎஸ்பி துளையில் குத்தினால் கணினிக்கு வைஃபை தரும் குட்டிச் சாமான், வெளியே வரும். குத்திப் பார்த்தால் லைட் எரியும், அல்லது அதுவும் எரியாது. கடையில் கேட்டால், "லினக்ஸில இது ஓடாது தம்பி, புதுசா ஒண்டு எடுங்கோ" என்பார்கள். அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பத்து வருடப் பழைய டொங்கிள்களில் கனக்க லினக்ஸில் நன்றாகவே ஓடும். உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால்வாசி, அதற்கு ஒரு எம்பி டேட்டாகூடத் தேவையில்லை. ரீலோட் போட முதல் இதைச் செய்யுங்கள்.

தொடங்க முதல் ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும். எழுத்து எழுத்தாகச் சொல்லும் இடங்களில், நாங்கள் பேசுகிற மாதிரியே, 'டோக்'கின் (நாய்) முதலெழுத்து டி, 'ரீ'யின் (தேநீர்) முதலெழுத்து ரி. லினக்ஸ் மின்ட் 22ஐ மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். லினக்ஸின் இன்னொரு வகையான டெபியன் வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில்: உள்ளே என்ன சிப்?

டொங்கிளின் மேல் அச்சடித்திருக்கும் பெயரை மறந்துவிடுங்கள். லினக்ஸுக்கு அந்தப் பெயரில் அக்கறை இல்லை. உள்ளே இருக்கிற சிப் எது என்பதே அதற்கு முக்கியம். ரிபி-லிங்க் ரிஎல்-டபிள்யூஎன்722என் இதற்கு நல்ல உதாரணம். அதன் முதல் பதிப்பில் இருப்பது ஏதெரோஸ் ஏஆர்9271 சிப், லினக்ஸ்காரர் தேடித் திரிகிற சாமான். இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் இருப்பது ரியல்டெக் ஆர்ரிஎல்8188இயூஎஸ். வெளியில் பார்த்தால் ஒரே மொடல் இலக்கம், உள்ளே இரண்டு வேறு கதை. அதனால்தான் "என்னுடையது அப்படியே ஓடியது" என்று ஒருவரும் "எனக்கு ஓடவே இல்லை" என்று இன்னொருவரும் சண்டை பிடிக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

டொங்கிளைக் கழற்றி வைத்துவிட்டு டேர்மினலைத் (கட்டளைகள் தட்டும் ஜன்னல்) திறந்து 'எல்எஸ்யூஎஸ்பி' என்று ஒட்டித் தட்டி என்டர் அடியுங்கள். சில வரிகள் வரும். இப்போது டொங்கிளைக் குத்தி, அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். புதிதாகக் கூடியிருக்கிற வரிதான் உங்களுடையது. டெஸ்க்டொப் என்றால் பின்பக்கத் துளையில் குத்துங்கள். முன்பக்கத் துளைக்கு உள்ளே ஒரு வயர் ஓடுகிறது, பழைய பெட்டிகளில் அதை நம்ப முடியாது.

அந்த வரியில் 'ஐடி' என்ற சொல்லுக்குப் பின்னால் நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, இன்னும் நான்கு எழுத்து இருக்கும். முன்பாதி தயாரிப்பாளரையும் பின்பாதி பொருளையும் குறிக்கும். இதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

0சிஎஃப்3:9271 என்று வந்தால் ஏஆர்9271. அதிர்ஷ்டசாலி நீங்கள், டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) பல வருடங்களாகக் கேர்னலுக்குள்ளேயே (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது. 148எஃப்:5370 என்றால் ராலிங்க் ஆர்ரி5370, அதுவும் தொல்லை தராது. 148எஃப்:7601 என்றால் மீடியாடெக் எம்ரி7601. பெயரே இல்லாமல் மலிவாக விற்ற குட்டி டொங்கிள்களில் இது நிறைய வந்தது. இதற்கான டிரைவர் 2015இல் கேர்னல் 4.2இல் சேர்ந்தது, ஆகவே இன்றைய எந்த லினக்ஸிலும் இருக்கும். 0பிடிஏ என்று தொடங்கினால் ரியல்டெக்: 8176 என்பது 8188சியூஎஸ், 8179 என்பது 8188இயூஎஸ். இந்த இரண்டாவதுதான் ஒரு காலத்தில் எல்லோரையும் அழ வைத்தது. கேர்னல் 6.3 முதல் 'ஆர்ரிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ' என்ற டிரைவர் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. மின்ட் 22இல் கேர்னல் 6.8 என்பதால் கவலையில்லை. உங்கள் கேர்னல் எது என்று அறிய 'யூநேம் -ஆர்' கொடுங்கள். 'யூ'வை ஒற்றை எழுத்தாகவும் 'நேம்' என்பதை வழமையான ஆங்கில எழுத்திலும் ஒட்டித் தட்ட வேண்டும்.

0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் திகைக்க வேண்டாம். அது வைஃபையே இல்லை. டொங்கிள் தன்னை ஒரு சீடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்துக் கொடுக்கிற சற்றுப் புதிய டொங்கிள்கள் இப்படிச் செய்யும். ஃபைல் மேனேஜரில் அந்தச் சீடியின் மேல் வலது கிளிக் செய்து 'இஜெக்ட்' கொடுங்கள். சில விநாடி கழித்து எல்எஸ்யூஎஸ்பி மறுபடி கொடுத்தால் ஐடி மாறியிருக்கும், அந்தப் புதிய ஐடிதான் உண்மையானது. ஒவ்வொரு முறையும் இஜெக்ட் செய்ய அலுப்பாக இருந்தால் 'யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' என்ற மென்பொருள் பொதியைப் போட்டுப் பாருங்கள், அநேகமாக அது தானாகவே பார்த்துக்கொள்ளும்.

எல்எஸ்யூஎஸ்பியில் ஒரு வரியும் கூடவில்லையா? வேறு துளை, வேறு கணினி என்று மாற்றிப் பாருங்கள். எங்கேயும் வராவிட்டால் டொங்கிள் செத்துவிட்டது, இதற்கு மேல் மினக்கெட வேண்டாம்.

பெட்டியோடு வந்த குட்டிச் சீடியைத் தேடாதீர்கள், அதில் இருப்பது விண்டோஸ் டிரைவர். அதை லினக்ஸில் ஓட்ட 'என்டிஐஎஸ்ராப்பர்' என்று ஒரு வழி முன்பு இருந்தது. பழைய விளக்கங்களில் அந்தப் பெயரைக் கண்டால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இரண்டாவது: டிரைவர் பிடித்ததா?

'எல்எஸ்யூஎஸ்பி -ரி' கொடுங்கள். கிளை கிளையாக ஒரு படம் வரும். உங்கள் டொங்கிளின் கிளையில் 'டிரைவர்=' என்பதற்குப் பக்கத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏதெரோஸ் என்றால் 'ஏரிஎச்9கே_எச்ரிசி', ராலிங்க் என்றால் 'ஆர்ரி2800யூஎஸ்பி', மீடியாடெக் என்றால் 'எம்ரி7601யூ' என்று ஏதாவது ஒன்று. பெயர் இருந்தும் வைஃபை வராவிட்டால் சிக்கல் பெரும்பாலும் ஃபேர்ம்வெயாரில்.

ஃபேர்ம்வெயார் என்பது டொங்கிளின் சொந்த மூளைக்கான சின்னக் கோப்பு. ஒவ்வொரு முறை குத்தும்போதும் கணினி அதை டொங்கிளுக்கு அனுப்ப வேண்டும். டிரைவர் இருந்து இது இல்லாவிட்டால் லைட்டும் எரியாது. கண்டுபிடிக்க இந்தக் கட்டளை: 'சூடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ'. 'சூடோ' என்பது எஸ்-யூ-டி-ஓ. கடவுச்சொல் கேட்கும், தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது அப்படித்தான். இப்போது டொங்கிளைக் கழற்றி மறுபடி குத்தினால், நடப்பது எல்லாம் வரி வரியாக ஓடும். வெளியே வர கன்ட்ரோல்-சி.

'ஃபேர்ம்வெயார்' என்ற சொல்லோடு 'எரர் -2' என்று வந்தால் கோப்பு இல்லை என்று பொருள். 'எரர் -71' அல்லது '-110' என்று திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருளைத் தொட வேண்டாம். துளையோ வயரோ டொங்கிளோ சரியில்லை, அல்லது கரண்ட் போதவில்லை. யூஎஸ்பி ஹப் ஒன்றின் வழியாகக் குத்தியிருந்தால் முதலில் அதைக் கழற்றி எறியுங்கள்.

மின்டில் ஃபேர்ம்வெயார் கோப்புகள் எல்லாம் 'லினக்ஸ்-ஃபேர்ம்வெயார்' என்ற ஒரே பொதியில் ஏற்கெனவே வந்துவிடும். ஆகவே எரர் -2 வருவது அபூர்வம். டெபியனில்தான் கவனம் தேவை. 2023இல் வந்த டெபியன் 12 முதல், நிறுவும்போதே இவற்றைப் போடுகிறது. அதற்கு முந்தியதிலிருந்து மேம்படுத்தியவர்கள் 'நொன்-ஃப்ரீ-ஃபேர்ம்வெயார்' என்ற பகுதியைத் தாங்களே சேர்க்க வேண்டும். டெபியன் 12இல் ராலிங்குக்கும் மீடியாடெக் 7601க்கும் 'ஃபேர்ம்வெயார்-மிஸ்க்-நொன்ஃப்ரீ', ரியல்டெக்குக்கு 'ஃபேர்ம்வெயார்-ரியல்டெக்', ஏஆர்9271க்கு 'ஃபேர்ம்வெயார்-ஏரிஎச்9கே-எச்ரிசி'. 'மிஸ்க்' என்பது எம்-ஐ-எஸ்-சி.

வைஃபை இல்லாமல் எப்படி இறக்குவது?

கையில் இருக்கிற அன்ட்ரொய்ட் போன் போதும். டேட்டா கேபிளால் போனைக் கணினியோடு இணைத்து, போனின் செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் இருக்கிற இடத்தில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஒன் பண்ணுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், ஒரு டிரைவரும் வேண்டாம். போன் ஏதாவது வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பே கணினிக்கும் வரும், சிம் டேட்டா கரையாது. சார்ஜ் மட்டும் ஏறி, டெதரிங் தெரிவு மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றுங்கள். சில மலிவு கேபிள்களில் சார்ஜுக்கான வயர் மட்டும்தான் உண்டு.

இணைப்பு வந்ததும் மின்டின் அப்டேட் மேனேஜர் "எனக்கும் கொஞ்சம்" என்று ஓடி வரும். லினக்ஸ்-ஃபேர்ம்வெயார் பொதி மட்டுமே சில நூறு எம்பி. உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அந்த வேலையை நள்ளிரவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன டெபியன் பொதி ஒன்றுதான் வேண்டும் என்றால் 'சூடோ ஏபிரி அப்டேட்' கொடுத்துவிட்டு 'சூடோ ஏபிரி இன்ஸ்டோல்' என்று தட்டி, இடைவெளி விட்டு, பொதியின் பெயரைக் கொடுங்கள். பிறகு டொங்கிளைக் கழற்றிக் குத்தினால் போதும்.

இன்னும் வரவில்லையா?

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுத்துப் பாருங்கள். ஆர், எஃப், அப்புறம் 'கொல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல், எல்லாம் ஒட்டி. 'சொஃப்ட் புளொக்ட்: யெஸ்' என்றிருந்தால் 'ஆர்எஃப்கில் அன்புளொக் வைஃபை' திறந்துவிடும். 'ஹார்ட்' என்பதில் யெஸ் என்றால் லப்டொப்பின் ஓரத்தில் ஒரு சுவிட்ச் அல்லது எஃப்என் சாவியோடு அழுத்தும் வைஃபை சாவி ஓஃபில் இருக்கிறது.

வைஃபைகளின் பட்டியல் வந்து, உங்கள் ரவுட்டர் மட்டும் அதில் இல்லை என்றால் டொங்கிளைக் குறை சொல்ல வேண்டாம். பழைய டொங்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் 2.4ஐயும் திறந்துவிடுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2வுக்கு மாற்றுங்கள். சனலை 1, 6, 11இல் ஒன்றில் வையுங்கள்.

விட்டு விட்டு வந்தால்

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான்: இணைகிறது, சிறிது நேரத்தில் அறுகிறது. முதல் சந்தேகம் பவர் சேவிங் மேல். ஃபைல் மேனேஜரில் 'ஃபைல் சிஸ்டம்' என்பதைத் திறந்து, 'இரிசி' (இ-ரி-சி) என்ற ஃபோல்டருக்குள் 'நெட்வேர்க்மேனேஜர்', அதற்குள் 'கொன்ஃப்.டி'. அங்கே பெயரில் 'வைஃபை-பவர்சேவ்' என்று வரும் ஒரு கோப்பு இருக்கும். அந்த ஃபோல்டரில் வலது கிளிக் செய்து 'ஓப்பன் அஸ் ரூட்' கொடுத்துக் கோப்பைத் திறந்து, கடைசியில் உள்ள 3ஐ 2 ஆக்கிச் சேமியுங்கள். 3 என்றால் சேமிப்பு ஒன், 2 என்றால் ஓஃப். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்டால், அதே ஃபோல்டரில் '.கொன்ஃப்' என்று முடியும் புதிய கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் 'டிவைஸ்', இரண்டாம் வரியில் 'வைஃபை.ஸ்கேன்-ராண்ட்-மாக்-அட்ரஸ்=நோ'. கொன்ஃப் என்பது சி-ஓ-என்-எஃப், ராண்ட் என்பது ஆர்-ஏ-என்-டி, மாக் என்பது எம்-ஏ-சி. வைஃபை தேடும்போது லினக்ஸ் தன் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும். சில பழைய ரியல்டெக் சிப்புகள் அதில் குழம்பிப்போகும்.

அப்புறம் துளையின் நிறம். நீலத் துளை பெரும்பாலும் யூஎஸ்பி 3. யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்புகிறது என்பதை இன்டெலே 2012இல் வெளியிட்ட ஆவணத்தில் காட்டியிருக்கிறது. பக்கத்தில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஓடினால் டொங்கிள் திணறும். கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு யூஎஸ்பி 2 நீட்டிப்பு வயர் வாங்கி டொங்கிளைக் கணினியிலிருந்து தள்ளி, யன்னலோரம் வையுங்கள். எங்கள் பக்க வீடுகளுக்கு இந்த வயர் இரட்டை லாபம். ரவுட்டர் சிக்னலுக்காக முன் விறாந்தையில் இருக்கும், கணினி பின் அறையில் இருக்கும், நடுவில் புளொக்கல் சுவர், சமயத்தில் தகரத் தட்டி. தகரத்தின் ஊடாக வைஃபை போகாது. யன்னல் வழியே சுற்றி வந்தால்தான் உண்டு.

0பிடிஏ:8176 காரருக்கு மட்டும் ஒரு வார்த்தை. இந்தச் சிப்புக்கு 'ஆர்ரிஎல்8192சியூ' என்ற பழைய டிரைவரும் 'ஆர்ரிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ'வும் என இரண்டு உண்டு. பழையது பிடித்து அடிக்கடி அறுந்தால், 'இரிசி'க்குள் 'மோட்புரோப்.டி' ஃபோல்டரில் '.கொன்ஃப்' கோப்பு ஒன்றில் 'பிளாக்லிஸ்ட்' என்று எழுதி, இடைவெளி விட்டு, பழைய டிரைவரின் பெயரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வேகத்தைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம். டொங்கிளில் 150 (எம்பிபிஎஸ்) என்று போட்டிருந்தால் அதில் பாதி வந்தாலே நல்லது. ஆனாலும் ரவுட்டருக்குள் வருகிற 4ஜி பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் முடியாமல் புதிதாக ஒன்று வாங்கப் போனால், மின்ட் போட்ட பென் டிரைவ் ஒன்றைக் கொண்டு போங்கள். கடைக் கணினி ஒன்றில் அதை லைவ்வாக (கணினியில் நிறுவாமலே) ஓட விட்டு, டொங்கிளைக் குத்தி, வைஃபை பட்டியல் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கடைக்காரர் மறுத்தால், அறிவியல் நகர், பம்பைமடு பல்கலைக்கழக வளாகங்களில் படிக்கிற பிள்ளை யாராவது உங்கள் ஒழுங்கையில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்களில் பலரின் லப்டொப்பில் லினக்ஸ் இருக்கும்.